மாசி வீதிக்கு எந்த கேமரா: 28ஆ, 35ஆ, 40ஆ?

தம்பி, நீங்கள் கேட்டது நாலு கேள்வி மாதிரி இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். கையில் 1,60,000 ரூபாய் இருக்கிறது. பீரோவில் பழைய கேனான் டிஎஸ்எல்ஆரும் 18-55, 55-250 லென்ஸும் தூங்குகின்றன. ஞாயிறு காலையில் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து மதுரை மாசி வீதிகளில் நடந்து படமெடுக்க ஆசை, வீட்டில் மூன்று வயதுப் பாப்பா. ரிக்கோ ஜிஆர் 3எக்ஸ் வாங்கவா, புதிதாக வந்த ஜிஆர் 4 வாங்கவா, ஃபுஜி எக்ஸ்100விஐ வாங்கவா, இல்லை நண்பர் சொல்கிற மாதிரி பொறுத்திருந்து லைக்கா க்யூ3-க்குக் காசு சேர்க்கவா என்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் இரண்டு வாரத்துக்கு எதையும் வாங்காதீர்கள். அந்த இரண்டு வாரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், செலவு ஐம்பது ரூபாய்க்குள்தான்.

நான் பதினேழு வருஷம் கல்யாணப் படம் எடுத்தவன். தோளில் இரண்டு கேமரா பாடி, இடுப்பில் லென்ஸ் பை என்று அலைந்து முதுகு போன பிறகுதான் லென்ஸைக் கழற்ற முடியாத இந்தச் சின்னக் கேமராக்கள் பக்கம் வந்தேன். இப்போது என்னிடம் ஒரு ஜிஆர் 3-யும், விஐ-க்கு முந்தைய மாடலான ஒரு எக்ஸ்100வி-யும் இருக்கின்றன. எந்தக் கம்பெனிக்கும் நான் மாமனும் இல்லை மச்சானும் இல்லை.

சென்சார் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் எல்லாரும் இதிலேயே ரொம்ப நேரம் நிற்கிறார்கள். ஃபோன் விளம்பரத்தில் 'ஒரு அங்குல சென்சார்' என்பார்கள். அது பேருக்குத்தான் ஒரு அங்குலம், அளந்து பார்த்தால் 13.2 மில்லிமீட்டருக்கு 8.8. ஜிஆரிலும் எக்ஸ்100-லும் இருக்கிற ஏபிஎஸ்-சி சென்சார் கிட்டத்தட்ட 23.5-க்கு 15.6, பரப்பில் அதைப்போல மூன்று மடங்கு. லைக்கா க்யூ3, சோனி ஆர்எக்ஸ்1ஆர் 3 இரண்டும் ஃபுல் ஃபிரேம், 36-க்கு 24. ஃபோனிலிருந்து ஏபிஎஸ்-சிக்கு வரும்போது வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியும், விடியுமுன் டீக்கடை குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த முகத்தில் தோல் தோலாகவே இருக்கும், ஃபோன் மாவு பூசிக் காட்டுகிற மாதிரி இருக்காது. ஆனால் ஏபிஎஸ்-சியிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் கிடைப்பது ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உங்கள் பீரோவில் இருக்கிற கேனானும் இதே வகை சென்சார்தான், அதனால் 'ஃபுல் ஃபிரேம் இல்லாவிட்டால் வேஸ்ட்' என்று யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உண்மையில் முடிவு செய்ய வேண்டியது வேறு. மனிதர்களிடமிருந்து நீங்கள் எத்தனை அடி தள்ளி நிற்பீர்கள்?

ஜூம் இல்லாத கேமராவில் லென்ஸ் எண் என்பது உங்கள் கால் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிற எண். ஜிஆர் 3-லும் ஜிஆர் 4-லும் இருப்பது ஃபுல் ஃபிரேம் கணக்கில் 28 எம்எம். எக்ஸ்100 வரிசை 2011-ல் கடைக்கு வந்த முதல் மாடலிலிருந்து இன்றுவரை 35-தான். ஜிஆர் 3எக்ஸ் 40. எண்ணாகப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஒருவரைத் தலை முதல் கால் வரை, மேலே கீழே கொஞ்சம் இடம் விட்டு எடுக்க வேண்டும் என்று வையுங்கள், சட்டத்தின் உயரம் இரண்டு மீட்டர். 28-ல் நீங்கள் நிற்க வேண்டிய தூரம் சுமார் ஒன்றரை மீட்டர், ஐந்தடி. 35-ல் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆறரை அடி வரும். 40-ல் 2.2 மீட்டர், ஏழேகால் அடி. ஐந்தடிக்கும் ஏழேகால் அடிக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று வீட்டில் உட்கார்ந்து கேட்டால் ஒன்றுமில்லை. கீழமாசி வீதியில் நின்று கேட்டால் அதுதான் எல்லாமே.

காலை ஏழு மணிக்கு அங்கே மிளகாய் வத்தல் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். நெடி மூக்கில் ஏறி நீங்கள் தும்முவீர்கள், லோடுமேன் சிரிப்பார். மூட்டை தலையில் இருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, துண்டு நனைந்து நெற்றியோடு ஒட்டியிருக்கிறது, ஆள் உங்களை நோக்கி வருகிறார். அவரிடமிருந்து ஐந்தடியில் நிற்பது என்றால் அவர் பாதையில் நிற்பது என்று அர்த்தம், 'ஏய் தள்ளுப்பா' என்ற குரல் வரும். அந்தக் குரலை வாங்கிக்கொண்டு சிரித்தபடி ஒதுங்கி, ஒதுங்கும்போதே அழுத்தத் தெரிந்தவருக்கு 28 சரி. ஏழடியில் நின்றால் நீங்கள் கடை வாசலில், சாக்கு அடுக்குக்குப் பக்கத்தில் நிற்கலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் இரண்டு அடி தள்ளி நின்றதில் அந்தத் தெருவும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன், அது சுபாவத்தைப் பொறுத்தது. கூச்ச சுபாவம் உள்ளவர் 28 வாங்கினால் படம் முழுக்க ரோடும் வானமும்தான் இருக்கும், நடுவில் எறும்பு சைசில் ஆட்கள். இப்படி வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் விற்றவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

28-ல் இன்னொரு சங்கடம், ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகிவிடுவார்கள். குடும்பப் படத்தில் கடைசியில் நின்ற சித்தி அந்தப் படத்தைப் பார்த்த பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதே இல்லை.

'28 வாங்கி வெட்டிக்கொள்ளலாமே' என்று கேட்பீர்கள். வெட்டலாம். ஜிஆர் 3-லேயே 35, 50 என்று வெட்டுகிற வசதி இருக்கிறது, 24 மெகாபிக்சல் 35-ல் 15 ஆகும், 50-ல் 7 ஆகிவிடும். எக்ஸ்100விஐ 40 மெகாபிக்சல் என்பதால் 50-க்கு வெட்டினாலும் 20 மிச்சம் இருக்கும். வெட்டுவதில் தப்பில்லை, ஆனால் தினமும் வெட்டுகிறவர் தப்பான லென்ஸ் வாங்கிவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது ஃபோகஸ். ரிக்கோவை விரும்புகிறவர்கள் ஏன் அப்படி உயிரை விடுகிறார்கள் என்பதற்குக் காரணம் ஸ்நாப் ஃபோகஸ். தூரத்தை முன்கூட்டியே 1.5 மீட்டர், 2 மீட்டர், 2.5 மீட்டர் என்று வைத்துவிடலாம். ஷட்டர் பட்டனை ஒரேயடியாக அழுத்தினால் ஆட்டோஃபோகஸ் தேடுகிற வேலையே இல்லை, அந்தத் தூரத்தில் அப்படியே படம் விழும். எஃப்/8-ல், அதாவது லென்ஸ் துவாரத்தை நன்றாகச் சுருக்கி (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சின்னது), 2 மீட்டர் வைத்தால் ஜிஆர் 3-ல் சுமார் ஒரு மீட்டரிலிருந்து இருபது மீட்டர் வரை போதுமான கூர்மை கிடைக்கும், அதாவது தெருவே கிடைத்துவிடும். இதே கணக்கை 3எக்ஸில் போட்டால் 1.4 மீட்டரிலிருந்து 3.6 மீட்டர் வரைதான் வரும், லென்ஸின் நிஜ நீளம் 18.3-லிருந்து 26.1 எம்எம் ஆகிவிடுவதால். எக்ஸ்100-ன் நிஜ நீளம் 23 எம்எம், அது நடுவில், 1.3-லிருந்து 4.7 வரை. அதனால் '3எக்ஸிலும் ஸ்நாப் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான்' என்று யாராவது சொன்னால் அரைகுறையாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதி இருக்கிறது, ஆனால் தூரத்தைக் கண்ணால் சரியாக அளக்கப் பழக வேண்டும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் எஃப்/8 வைக்கிற அளவுக்கு வெளிச்சமே இருக்காது, லென்ஸை முழுக்கத் திறக்க வேண்டிவரும், ஸ்நாப் மந்திரம் அங்கே பாதிதான் பலிக்கும். அங்கே எக்ஸ்100-ன் எஃப்/2 ஜிஆரின் எஃப்/2.8-ஐவிட ஒரு ஸ்டாப் வெளிச்சம் அதிகம் தரும். மல்லிகைக் குவியலுக்குப் பின்னால் தராசு பிடிக்கிறவரின் கை ஆடாமல் விழுகிறதா, ஆடி விழுகிறதா என்பது அந்த ஒரு ஸ்டாப்பில் இருக்கிறது.

ஸ்டெபிலைசேஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பாப்பாவுக்கு அது உதவும் என்று நினைத்திருக்கிறீர்கள். ஜிஆர் 3 வரிசை, ஜிஆர் 4, எக்ஸ்100விஐ எல்லாவற்றிலும் சென்சார் ஆடி உங்கள் கை நடுக்கத்தைச் சமன் செய்யும். பாப்பா ஓடுவதை அது நிறுத்தாது. வீட்டுக்குள் டியூப் லைட்டில் ஓடுகிற குழந்தைக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடியாவது வேண்டும், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குச் சென்சாரின் உணர்வு) 3200, 6400 என்று ஏறும், ஏறட்டும், ஏபிஎஸ்-சி அதைத் தாங்கும். ஆட்டோஃபோகஸ் வேகத்தில் இந்த மூன்றில் எதுவும் இப்போதைய மிரர்லெஸ் கேமரா மாதிரி இல்லை. குழந்தை ஓடுவதை எடுப்பதுதான் முக்கியம் என்றால் இந்த வகைக் கேமராவே வேண்டாம், உட்கார்ந்து சோறு சாப்பிடுவதை எடுக்க இதைவிட நல்லது இல்லை.

சரி, கேமராவின் உடம்புக்கு வருவோம். ஜிஆர் 3 பேட்டரியோடு 257 கிராம், 3எக்ஸ், 4 இரண்டும் 262. பேண்ட் பாக்கெட்டில் போட்டுவிட்டு மறந்துவிடலாம், டீ குடிக்கும்போது ஒரு கையால் எடுத்து, எடுத்த கையாலேயே ஆன் செய்து அழுத்தலாம், இன்னொரு கையில் டீ கிளாஸ் இருந்தபடியே. எக்ஸ்100விஐ 521 கிராம், இரண்டு மடங்கு, லென்ஸோடு தடிமன் ஐந்தரை சென்டிமீட்டர், பாக்கெட்டில் போகாது. நான் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போகிறேன், காய்கறி வாங்க வந்தவன் மாதிரி இருக்கும், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேட்டரி விஷயத்தில் தராசு எக்ஸ்100 பக்கம் சாய்கிறது, ஜிஆர் 3-ல் ஒரு பேட்டரிக்கு 200 படம்தான் கணக்கு, உபரி பேட்டரி இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

ஆனால் மதுரை வெயிலை மறந்துவிட்டுக் கேமரா வாங்கக் கூடாது. பதினோரு மணிக்கு மேல் விளக்குத்தூண் பக்கம் நின்று ஜிஆரின் திரையைப் பாருங்கள், உங்கள் முகம்தான் தெரியும். அதில் கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் கிடையாது, மேலே சொருகுகிற கண்ணாடி ஃபைண்டர் தனியாக வாங்கலாம், வாங்கினால் பாக்கெட் வசதி போச்சு. எக்ஸ்100-ன் நிஜமான சொத்து அந்த இரட்டை வியூஃபைண்டர். நெம்புகோலைத் தட்டினால் வெறும் கண்ணாடி, அதற்குள் வெள்ளைக்கோட்டில் சட்டம். இன்னொரு முறை தட்டினால் எலக்ட்ரானிக். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது சட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரியும், சைக்கிள்காரர் உள்ளே வரப்போகிறார் என்பது அவர் வருவதற்கு முன்பே தெரியும். இது பழகிவிட்டால் விட முடியாது, எனக்கு முடியவில்லை.

எக்ஸ்100-ல் வெயிலுக்கு இன்னும் இரண்டு உதவி இருக்கின்றன. உள்ளேயே வெளிச்சத்தைக் குறைக்கிற நாலு ஸ்டாப் என்டி ஃபில்டர், நண்பகலிலும் எஃப்/2-ல் எடுக்கலாம். (ஜிஆர் 3-லும் உண்டு, இரண்டு ஸ்டாப்.) அப்புறம் சின்ன ஃபிளாஷ். இந்தக் கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் டிஎஸ்எல்ஆர் மாதிரி 1/200 நொடி வேகத்தில் ஃபிளாஷ் முட்டிக்கொண்டு நிற்காது. உச்சி வெயிலில் தலைப்பாகை நிழலில் கண் தெரியாமல் நிற்கிறவருக்கு லேசாக ஃபிளாஷ் கொடுத்தால் பின்னால் வானமும் வெளுக்காது, முகமும் தெரியும். ஜிஆர் 3, 4 இரண்டிலும் ஃபிளாஷையே எடுத்துவிட்டார்கள், அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

திருவிழா இரவில் சீரியல் செட், எல்இடி போர்டு வெளிச்சத்தில் எடுக்கும்போது எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும், 1/50 அல்லது 1/100-ல் எடுத்தால் தொல்லை குறையும். எந்தக் கேமராவுக்கும் இது பொருந்தும்.

இப்போது தூசியும் தண்ணீரும். லென்ஸ் கழற்ற முடியாத கேமராவில் தூசி போகாது என்று நினைத்திருந்தவன் நான். வருஷங்களுக்கு முன் ஒரு சின்னக் கேமரா வைத்திருந்தேன், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், ஆன் செய்தால் லென்ஸ் நீளும், அணைத்தால் உள்ளே போகும். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு அதைக் கொண்டுபோனேன். வாடிவாசல் புழுதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்று சாயங்காலம் எடுத்த எல்லா வானத்திலும் இடது மேல் மூலையில் கடுகு தாளித்த மாதிரி ஒரு புள்ளி. லென்ஸ் நீளும்போது காற்றை உள்ளே இழுக்கிறது, அதோடு ஜல்லிக்கட்டுப் புழுதியையும் இழுத்துக்கொண்டது. டிஎஸ்எல்ஆர் என்றால் லென்ஸைக் கழற்றி ஊதிவிடலாம், இதை முழுக்கப் பிரித்தால்தான் சென்சாரைத் தொட முடியும். பிரிக்கத் தெரிந்த ஆள் இங்கே எனக்குக் கிடைக்கவில்லை, வெளியூருக்கு அனுப்பி நாற்பது நாள் காத்திருந்தேன். ஜிஆர் வரிசையிலும் லென்ஸ் நீளுகிற அமைப்புதான், தூசி, தண்ணீருக்கு எதிரான அடைப்பு கிடையாது. அதனால் என் ஜிஆர் ஜல்லிக்கட்டுக்கும் வராது, சித்திரைத் திருவிழாவுக்கும் வராது. அழகர் ஆற்றில் இறங்கும்போது துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்துக்குள் நீங்கள் நிற்கப்போகிறீர்கள் என்றால் எக்ஸ்100விஐ ஒன்றுதான் உங்கள் பட்ஜெட்டில் துணை. அதுவும் அப்படியே இல்லை, முன்னால் அடாப்டர் வளையமும் 49 எம்எம் ஃபில்டரும் போட்டால்தான் அடைப்பு முழுசாகும். அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், இங்கே அறிமுகமானபோது எக்ஸ்100விஐ விலையே 1,59,999, உங்கள் காசு சரியாக கேமராவிலேயே தீர்ந்துவிடும். வளையம் போட்டாலும் கேமரா நனையலாமே தவிர குளிக்கக் கூடாது.

லைக்கா க்யூ3 அருமையான கேமராதான், 28 எம்எம் எஃப்/1.7, 60 மெகாபிக்சல், ஐபி52 அடைப்பு. 2023-ல் வந்தபோது அமெரிக்காவில் 5,995 டாலர். அதே வகையில் 43 எம்எம் லென்ஸோடு ஒன்று 2024-ல் வந்தது. சோனி ஆர்எக்ஸ்1ஆர் 3 பத்து வருஷம் காக்கவைத்து 2025-ல் வந்தது, 61 மெகாபிக்சல், ஐயாயிரம் டாலருக்கு மேல், ஆனால் ஸ்டெபிலைசேஷனும் இல்லை, திரையும் அசையாது. ஃபுஜியின் ஜிஎஃப்எக்ஸ்100ஆர்எஃப் இன்னும் பெரிய சென்சார், 102 மெகாபிக்சல், லென்ஸ் எஃப்/4, அதிலும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. உங்கள் நண்பர் வாங்கினால் ஒரு ஞாயிறு இரவல் கேளுங்கள். அந்தக் காசை மாசி வீதி மூட்டைகளுக்கு நடுவில் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜிஆர் 3எக்ஸா, 4ஆ என்பதில் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 4-ல் ஸ்டெபிலைசேஷன் ஐந்து அச்சு, 3-ல் மூன்று. உள்ளேயே 53 ஜிபி இடம் இருக்கிறது, 3-ல் 2 ஜிபிதான், கார்டை மறந்துவிட்டுப் பஸ் ஏறுகிற என் போன்றவர்களுக்கு வரப்பிரசாதம். கார்டு மட்டும் மைக்ரோ எஸ்டி ஆகிவிட்டது, கீழே விழுந்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் 4 என்பது 28, 3எக்ஸ் என்பது 40. புதுசா பழசா என்று பார்க்காமல் அந்த எண்ணைப் பாருங்கள்.

பழையது வாங்குவதாக இருந்தால் கடையிலேயே எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், புள்ளி இருந்தால் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், 'துடைத்தால் போய்விடும் சார்' என்பதைக் காதில் வாங்காதீர்கள். புதிது என்றால் ஜிஎஸ்டி பில்லும் இந்தியாவில் செல்லுகிற வாரண்டியும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது பத்தாயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்றால், அந்தப் பத்தாயிரம் முதல் ரிப்பேரில் போய்விடும்.

ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எதை வாங்கினாலும் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது, ஃபோனும் 2018-லிருந்து உள்ளே கிடையாது. உங்கள் களம் வெளியே இருக்கிற வீதிகள்தான்.

இனி அந்த ஐம்பது ரூபாய் வேலை. உங்கள் கேனானில் 18-55-ஐ மாட்டுங்கள். கேனானின் சென்சார் கணக்கு 1.6 மடங்கு, அதனால் ஜூம் வளையத்தில் 18 என்பது 29, அதாவது ஜிஆர் 4. 24-க்கு ஒரு மயிரிழை தாண்டி 25-ல் நிறுத்தினால் 40, அதுதான் 3எக்ஸ். இரண்டுக்கும் நடுவில் 22 வாக்கில் நிறுத்தினால் 35, எக்ஸ்100. முதல் ஞாயிறு 18-ல் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், காலை முழுவதும் பிரிக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு பாதி நேரம் 22, பாதி நேரம் 25. வீட்டுக்கு வந்து படங்களைப் பார்க்கும்போது எது அழகு என்று பார்க்காதீர்கள், எதில் ஓரத்தை வெட்டத் தோன்றுகிறது, எதில் 'இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருக்கலாமே' என்று தோன்றுகிறது என்று பாருங்கள். வெட்டத் தோன்றினால் அடுத்த எண்ணுக்கு ஏறுங்கள், பின்னால் போகத் தோன்றினால் இறங்குங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து என் ஊகம், 35-ல் வந்து நிற்பீர்கள், பாப்பாவும் சித்திரைத் திருவிழாவும் இருப்பதால் எக்ஸ்100விஐ-தான் உங்களுக்கு வாய்க்கும். 18-ல் ஒட்டிய அன்றைக்கே ஆட்களிடம் பேசிச் சிரித்துக் கிட்டப் போய் எடுத்திருந்தீர்கள் என்றால் என் ஊகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜிஆர் 4 வாங்குங்கள். அழகருக்குப் போகும்போது பழைய கேனானை பாலிதீன் பையில் சுற்றிக்கொள்ளலாம், நானும் பல வருஷம் அப்படித்தான் போனேன்.

செல்லோ டேப் வேண்டாம், லென்ஸின் ரப்பர் வளையத்தில் பிசின் ஒட்டிக்கொண்டு அப்புறம் தூசியெல்லாம் அதில்தான் வந்து உட்காரும். பெயிண்ட் கடையில் மாஸ்கிங் டேப் என்று கேளுங்கள், பேப்பர் மாதிரி இருக்கும், உரித்தால் சுத்தமாக வந்துவிடும்.